பட்டனை அழுத்துவதற்குள் நகர்ந்துவிடும் விலை

ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒரு தம்பியின் கேள்வி இது. அவர் மாதச் சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கிப் பங்கு வாங்குகிறார். போன மாதம் ஒரு சின்ன கம்பெனியின் பங்கு 1500 வாங்கினார். திரையில் 84.60 என்று இருந்தது, பட்டனை அழுத்தினார், கைக்கு வந்தது சராசரி 85.35. அதற்கு முன்பே நான்கு மாதமாகச் செவ்வாய்க்கிழமைகளில் நிஃப்டி ஆப்ஷன் (நிஃப்டி குறியீடு ஏறும், இறங்கும் என்று பந்தயம் கட்டும் ஒப்பந்தம்) வாங்கியதில் 70,000 ரூபாய் போய்விட்டது. "மும்பையில் சூப்பர் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் நம் ஆர்டரை முன்கூட்டியே பார்த்து நம் பணத்தை எடுக்கிறார்களா? நம்மைப் போன்றவர்களுக்கு இந்தச் சந்தையில் நியாயம் என்று ஒன்று இருக்கிறதா, இல்லை வெளியே வந்துவிட வேண்டுமா?" என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் இரண்டு நஷ்டமும் வேறு வேறு காரணத்தால் வந்தவை. இரண்டையும் ஒரே கம்ப்யூட்டர் மேல் போட்டுவிட்டால் எதிலிருந்து தப்ப வேண்டுமோ அதில் மறுபடியும் மாட்டிக்கொள்வீர்கள். நான் வேலூரில் ஒரு சப்-புரோக்கர் அலுவலகத்தில் டெர்மினல் முன்னால் பல வருஷம் டீலராக உட்கார்ந்தவன், அதற்கு அப்புறம் ஆர்டர் அனுப்பும் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களோடும் வேலை செய்திருக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் தூரம். வேலூரிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறக்குறைய 950 கிலோமீட்டர், கேபிள் போகும் வழியில் இன்னும் கூடுதல். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். அதாவது வேறு எந்தத் தாமதமும் இல்லாவிட்டாலும் உங்கள் ஆர்டர் மும்பை போய்ச் சேர 5 மில்லி செகண்ட் ஆகும், அதாவது 5,000 மைக்ரோ செகண்ட். ஆனால் நிஜத்தில் உங்கள் போன், டவர், புரோக்கரின் சர்வர், அங்கே கணக்கில் போதிய பணம் இருக்கிறதா என்று பார்க்கும் மார்ஜின் சோதனை என்று எல்லாம் சேர்ந்து அதைவிடப் பல மடங்கு ஆகிறது. பெரிய டிரேடிங் நிறுவனங்களின் கம்ப்யூட்டரோ எக்ஸ்சேஞ்ச் நடத்தும் டேட்டா சென்டருக்குள்ளேயே, எக்ஸ்சேஞ்சின் சர்வருக்குப் பக்கத்தில், வாடகை ரேக்கில் நிற்கிறது. இதற்குத்தான் கோலொகேஷன் என்று பெயர். தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ இதை 2010 வாக்கில் ஆரம்பித்தது. அவர்களுக்குள் நடக்கும் ஓட்டப்பந்தயம் மைக்ரோ செகண்ட் கணக்கில் முடிந்துவிடும், ஒரு வினாடியில் 10 லட்சம் மைக்ரோ செகண்ட் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, உங்கள் செயலியில் தெரியும் விலை சந்தையின் இப்போதைய விலை என்று நினைக்காதீர்கள். அது அவ்வப்போது எடுத்து அனுப்பப்படும் ஒரு படம். மேலும் கீழும் ஐந்தைந்து வரிசை காட்டுவார்கள், அவ்வளவுதான். ரேக்கில் நிற்கும் கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு ஆர்டரும் உள்ளே வருவது, மாறுவது, ரத்தாவது எல்லாம் வந்த வரிசையிலேயே தெரியும். டிக்-பை-டிக் டேட்டா என்பது அதுதான். ஆக அவர்கள் உங்களைவிடச் சீக்கிரம் பார்க்கிறார்கள், கூடுதலாகப் பார்க்கிறார்கள், சீக்கிரம் நகர்கிறார்கள். இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் "நம் ஆர்டரை முன்கூட்டியே பார்த்து" என்கிறீர்களே, அது மட்டும் அப்படி இல்லை. நீங்கள் அனுப்பும் மார்க்கெட் ஆர்டர் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சேரும் முன் அவர்கள் திரையில் தெரிவதில்லை. அமெரிக்காவில் சில்லறை முதலீட்டாளரின் ஆர்டரை புரோக்கர் காசு வாங்கிக்கொண்டு ஒரு பெரிய டிரேடிங் நிறுவனத்துக்குத் திருப்பிவிடும் பழக்கம் உண்டு. இந்தியாவில் அப்படி புரோக்கர் தனக்குள்ளேயே முடித்துக்கொள்ள அனுமதி கிடையாது, ஆர்டர் எக்ஸ்சேஞ்சுக்கு வந்துதான் ஆக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நம் ஊர் விதி நல்ல விதி.

அப்படியானால் 84.60 எப்படி 85.35 ஆனது? காட்பாடியில் ரயில் டிக்கெட் எடுப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். காலை 11 மணிக்கு ஸ்லீப்பர் தட்கல் திறக்கிறது, 40 டிக்கெட் காட்டுகிறது, பெயர், வயது எல்லாம் போட்டு முடிப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட். அதில் பாதிக் கதை சாஃப்ட்வேர் வைத்த ஏஜென்ட். மீதிக் கதை, இருந்த இடமே கொஞ்சம்தான் என்பது. உங்கள் பங்கில் நடந்தது பெரும்பாலும் இரண்டாவது கதை.

சின்ன கம்பெனிப் பங்கில் விற்கக் காத்திருப்பவர்களின் வரிசை எப்படி இருந்திருக்கும் என்று ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். 84.60-க்கு விற்க 120 பங்குதான் இருக்கிறது. அடுத்து 84.75-ல் 200, 85.10-ல் 300, 85.40-ல் 400, 85.90-ல் 480. நீங்கள் 1500 பங்கு மார்க்கெட் ஆர்டர் போட்டால், அது "என்ன விலையானாலும் சரி, 1500 கொடு" என்று சொல்வது. எக்ஸ்சேஞ்ச் 120-ஐ 84.60-ல் கொடுக்கும், பிறகு அடுத்த படி, அதற்கடுத்த படி என்று 85.90 வரை ஏறி 1500-ஐ நிரப்பும். கூட்டிப் பாருங்கள், 1,28,024 ரூபாய், சராசரி 85.35. எந்த ரோபோவும் தேவைப்படவில்லை. நீங்களே உங்கள் ஆர்டரால் விலையை ஏற்றியிருக்கிறீர்கள். 84.60 கணக்கில் பார்த்தால் 1,124 ரூபாய் கூடுதல். அதே ஆர்டரை 84.75 லிமிட் (அதற்கு மேல் கொடுக்க மாட்டேன் என்ற விலை) போட்டிருந்தால் 320 பங்கு உடனே கிடைத்திருக்கும், மீதி வரிசையில் நின்றிருக்கும். விற்பவர் யாராவது இறங்கி வந்தால் கிடைக்கும், வராவிட்டால் கிடைக்காது. கிடைக்காமல் போகும் என்ற பயத்தில்தான் எல்லாரும் மார்க்கெட் ஆர்டர் போடுகிறார்கள், நானும் டீலராக இருந்தபோது வாடிக்கையாளர் அவசரத்துக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் ஐந்து வருஷம் வைத்திருக்கப்போகிற பங்கை வாங்க ஐந்து நிமிஷம் காத்திருக்கலாம்.

சரி, வேகக்காரர்கள் உண்மையில் எவ்வளவு எடுக்கிறார்கள்? இதை அளந்து பார்த்த நல்ல ஆராய்ச்சி ஒன்று உண்டு. எரிக் பட்டிஷ் என்ற பொருளாதாரப் பேராசிரியரும் பிரிட்டன் கண்காணிப்பு அமைப்பைச் சேர்ந்த இருவரும் லண்டன் எக்ஸ்சேஞ்சின் உள் பதிவுகளை எடுத்து, ஒரே விலைக்காக ஒரே நேரத்தில் பல கம்ப்யூட்டர்கள் ஓடி வந்த சந்தர்ப்பங்களை மட்டும் பிரித்தார்கள். தோற்ற ஆர்டர்களும் அந்தப் பதிவில் இருந்ததால்தான் இது முடிந்தது. பந்தயம் ஒன்று அடிக்கடி 5 முதல் 10 மைக்ரோ செகண்டில் முடிந்துவிடுகிறது. பெரிய பங்குகளின் வர்த்தகத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இப்படிப்பட்ட பந்தயங்களில்தான் நடக்கிறது. இதனால் மற்றவர்கள் மேல் விழும் சுமை, நடக்கும் வியாபாரத்தில் ஒரு லட்சத்துக்குச் சுமார் 5 ரூபாய் என்ற அளவில் வந்தது. இது லண்டன் கணக்கு, இங்கே அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு அளவுகோலுக்கு வைத்துக்கொண்டால் உங்கள் 1,28,000 ரூபாய் ஆர்டரில் வேகத்தின் பங்கு ஆறு, ஏழு ரூபாய். பங்கை வாங்கி வைத்துக்கொள்ளும் டெலிவரிக்கு அரசாங்கம் எடுக்கும் எஸ்டிடி வரி 0.1 சதவீதம், 128 ரூபாய். உங்கள் மார்க்கெட் ஆர்டர் எடுத்தது 1,124 ரூபாய். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

லட்சத்துக்கு 5 ரூபாய் என்பதால் அதை விட்டுவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. உலகம் முழுக்கக் கூட்டினால் அது வருஷத்துக்குச் சுமார் 500 கோடி டாலர் என்று அதே ஆராய்ச்சி மதிப்பிடுகிறது. அந்தச் சுமை அதிகம் விழுவது பெரிய ஆர்டரைத் துண்டு துண்டாக வெட்டிப் போடும் மியூச்சுவல் ஃபண்ட் மேல், இன்சூரன்ஸ் மேல், அதாவது சுற்றி வந்து உங்கள் அப்பாவின் எஸ்ஐபி மேலும் என் பிஎஃப் மேலும்தான். யாருக்கும் தனியாக வலிக்காத அளவில் எல்லாரிடமும் எடுக்கப்படுவதால்தான் அதைக் கேட்க ஆள் இல்லை.

ஆனால் "முன்பெல்லாம் நியாயமாக இருந்தது, கம்ப்யூட்டர் வந்து கெடுத்தது" என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் முன்பு எப்படி இருந்தது என்று கேட்டும் பார்த்தும் வளர்ந்தவன் நான். என் மாமா லாங் பஜாரில் மொத்த வியாபாரம் செய்தவர். 90-களின் தொடக்கத்தில் பங்கு வாங்க வேண்டுமானால் புரோக்கருக்கு டிரங்க் கால் போட வேண்டும், மறுநாள் பேப்பரில் வரும் அன்றைய உச்ச விலை, குறைந்த விலை, முடிவு விலை மூன்றையும் வைத்துக்கொண்டு தன் பில் சரியா என்று ஊகிக்க வேண்டும். அன்றைக்கு 92-க்கும் 95-க்கும் நடுவே ஓடியிருந்தால் மாமாவின் பில் எப்போதும் 95-ஐ ஒட்டித்தான் வரும். விற்கும்போது 92-ஐ ஒட்டி. எத்தனை மணிக்கு, யாரிடம் என்ன விலைக்கு வாங்கினார் என்று நிரூபிக்க எதுவும் கிடையாது. மாட்டுச் சந்தையில் இரண்டு தரகர்கள் துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் இல்லையா, மாட்டை ஓட்டி வந்த விவசாயி அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அந்த நிலைதான். ஒரு பங்கில் இரண்டு, மூன்று ரூபாய் இப்படிப் போனது. 1994-ல் என்எஸ்இ திரை வந்து, அடுத்த வருஷமே மும்பைப் பங்குச் சந்தையான பிஎஸ்இயும் திரைக்கு மாறி, 1996-ல் பங்கைக் காகிதமாக இல்லாமல் கணக்கில் வைக்கும் டீமேட் வந்தபோது அந்தத் துண்டு விலகியது. விலை முதலில், நேரம் அடுத்து என்ற விதி மும்பைக்காரருக்கும் பேரணாம்பட்டுக்காரருக்கும் ஒன்றாக ஆனது. அதற்கப்புறம் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டதில் பெரிய பங்குகளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி பைசா கணக்குக்குச் சுருங்கிவிட்டது. அந்த லாபம் உங்களுக்கும் எனக்கும் கிடைக்கிறது. இதை மறைத்துவிட்டு வேகத்தைத் திட்டினால் அது நேர்மை இல்லை.

எனக்கு உண்மையாகக் கோபம் வரும் இடம் வேறு. ஓடுகிறவன் வேகமாக ஓடலாம். கோடு போட்டு விசில் ஊதுகிறவர் ஒருவனை மட்டும் பத்தடி முன்னால் நிற்க விட்டால்தான் அது அநியாயம். என்எஸ்இயின் கோலொகேஷனில் 2010-லிருந்து 2014 வரை டிக்-பை-டிக் டேட்டாவை அனுப்பிய முறை, ஒருவருக்குப் பின் ஒருவராக வரிசையில் அனுப்பும் முறை. காலையில் எந்த புரோக்கரின் கனெக்‌ஷன் சர்வரில் முதலில் நுழைகிறதோ அவருக்கு முதலில் டேட்டா, அடுத்தவருக்கு அடுத்து. இதில் கூட்டம் குறைந்த சர்வரில் முந்திப் போய் உட்கார்ந்தவருக்கு நாள் முழுக்க லாபம். அவசரத்துக்கென்று வைத்திருந்த மாற்றுச் சர்வரையும் சிலர் காரணமில்லாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். எல்லாரும் அதே ரேக் வாடகைதான் கொடுத்தார்கள், அதே அறையில்தான் இருந்தார்கள். அப்படியும் ஓட்டம் சமமாக ஆரம்பிக்கவில்லை. 2014-ல்தான் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் முறைக்கு மாறினார்கள். 2015-ல் பெயர் சொல்லாத ஒருவர் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபிக்கு எழுதிய கடிதத்தில்தான் இது வெளியே வந்தது.

நான்கு வருஷம் கழித்து, 2019 ஏப்ரல் 30-ல் செபி, என்எஸ்இ 624.89 கோடி ரூபாயை 12 சதவீத வட்டியோடு கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. என்எஸ்இ மேல்முறையீட்டுக்குப் போனது. 2023 ஜனவரியில் தீர்ப்பாயம் அந்தத் தொகையை ரத்து செய்துவிட்டு, உரிய கவனம் எடுக்காததற்காக 100 கோடி கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில், எக்ஸ்சேஞ்சும் இப்படி முந்திய ஒரு புரோக்கரும் கூட்டுச் சேர்ந்து செய்தார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று செபியே அந்தக் குற்றச்சாட்டை முடித்துவைத்தது. சட்டம் அதன் வழியில் போகட்டும். நான் பார்ப்பது இதைத்தான்: வேகம் காசாகும் இடத்தில், வரிசையை யார் எப்படி அமைக்கிறார் என்பது ஒரு பொதுச் சொத்து மாதிரி காக்கப்பட வேண்டும். ஊர்க் குழாயில் தண்ணீர் யாருக்கு முதலில் என்பதற்கே நாம் பஞ்சாயத்து வைக்கிறோம். இங்கே நான்கு வருஷம் ஒருவருக்கும் தெரியாமல் ஓடியிருக்கிறது.

இதற்கு அப்புறம் சில நல்லது நடந்தது. 2018 ஏப்ரலில் செபி, டிக்-பை-டிக் டேட்டாவை எல்லா உறுப்பினர்களுக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும், எக்ஸ்சேஞ்ச் தன் தாமதக் கணக்கை வெளியிட வேண்டும், சின்ன புரோக்கர்களும் ரேக்கைப் பகிர்ந்துகொள்ள வழி செய்ய வேண்டும் என்று விதி போட்டது. ஆயிரக்கணக்கில் ஆர்டர் போட்டுப் போட்டு ரத்து செய்பவர்களுக்கு அபராதமும் இருக்கிறது. ஆனால் 2016-ல் செபியே கருத்துக் கேட்ட பெரிய யோசனைகள், அதாவது ஆர்டர் குறைந்தபட்சம் இவ்வளவு நேரம் நிற்க வேண்டும், வேண்டுமென்றே ஒரு சின்னத் தடை வைக்க வேண்டும், சிறிய ஏலங்களாக நடத்த வேண்டும் என்பவை அப்படியே நின்றுவிட்டன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அமெரிக்காவில் ஐஇஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் 61 கிலோமீட்டர் கண்ணாடி இழையை ஒரு பெட்டிக்குள் சுருட்டி வைத்து, வரும் ஆர்டர் எல்லாம் அதைச் சுற்றி வரும்படி செய்து 350 மைக்ரோ செகண்ட் தாமதிக்க வைக்கிறது. உங்களுக்கும் எனக்கும் அந்தத் தாமதம் தெரியவே தெரியாது, பந்தயம் ஓடுகிறவனுக்கு மட்டும்தான் அது மதில் சுவர். நம் ரயில்வேயே இதைச் செய்து காட்டிவிட்டது. 2025 ஜூலையிலிருந்து தட்கல் திறந்த முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகள் எடுக்கக் கூடாது என்று வைத்தார்கள். டிக்கெட்டுக்கு முடிந்தது பங்குக்கு முடியாதா என்ன?

அப்புறம் வேகத்தின் இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். வழக்கமான நாளில் விலை கொடுத்துக்கொண்டே இருக்கும் கம்ப்யூட்டர்கள் கலவரமான நாளில் நொடியில் விலகிவிடும், அவர்களுக்கு நிற்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. 2010 மே 6-ல் அமெரிக்காவின் டோ ஜோன்ஸ் குறியீடு சில நிமிடங்களில் ஏறக்குறைய 1000 புள்ளி விழுந்து எழுந்தது. 2012 ஆகஸ்ட் 1-ல் நைட் கேபிடல் என்ற நிறுவனம் தன் சாஃப்ட்வேர் கோளாறால் 45 நிமிடத்தில் 44 கோடி டாலர் இழந்தது. நம் ஊரில் 2012 அக்டோபர் 5-ல் ஒரு தரகு நிறுவனத்திலிருந்து தவறாக வந்த 650 கோடி ரூபாய் ஆர்டர்களால் நிஃப்டி கண் முன்னால் 15 சதவீதத்துக்கும் மேல் விழுந்து சந்தை நின்றது. தவறு செய்தது மனிதக் கைதான், ஆனால் அந்தப் பள்ளத்தில் மார்க்கெட் விலைக்கு ஸ்டாப் லாஸ் (குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் ஆர்டர்) போட்டு வைத்திருந்தவர்களின் பங்குதான் அடிமாட்டு விலைக்குப் போனது. அந்த மாதிரி நிமிஷத்தில் லிமிட் விலை இல்லாத ஆர்டர் என்பது கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது மாதிரி.

இப்போது உங்கள் 70,000. இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் தயங்குகிறது. எங்கள் அலுவலகத்துக்கு வந்துபோன பையன்கள் எத்தனை பேர் இப்படி இழந்து, வீட்டில் சொல்ல முடியாமல், கடைசியில் ஆம்பூரில் இருக்கும் அக்கா நகையை அடகு வைக்கும் வரை போனதைப் பார்த்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை என்றால் நம் பக்கத்தில் பொய்கை மாட்டுச் சந்தை. 2025 செப்டம்பரிலிருந்து நிஃப்டி வாராந்திர ஆப்ஷன் முடிவதும் செவ்வாயில்தான். பொய்கைக்குப் போகிறவர் மாட்டின் பல்லைப் பார்ப்பார், நடக்க விட்டுப் பார்ப்பார், பால் கறந்து பார்ப்பார், பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடுவார். முடிவு நாள் ஆப்ஷனில் நீங்கள் எதைப் பார்த்து வாங்குகிறீர்கள்? மதியம் மூன்றரைக்குள் தேய்ந்து பூஜ்ஜியமாகக்கூடிய ஒன்றை, ஒவ்வொரு மைக்ரோ செகண்டும் அதன் விலையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவனிடமிருந்து, உங்கள் செயலியில் வரும் பழைய படத்தைப் பார்த்து வாங்குகிறீர்கள். டெலிவரியில் லட்சத்துக்கு 5 ரூபாயாக இருந்த வேகம் இங்கேதான் முழு வயலையும் மேய்கிறது.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன், இதை வீட்டில் அப்பாவிடமும் காட்டுங்கள். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருஷத்தில் எஃப் அண்ட் ஓ, அதாவது ஃப்யூச்சர் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்), ஆப்ஷன் வியாபாரம் செய்த தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், தலைக்குச் சராசரி சுமார் 2 லட்சம் ரூபாய், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் வெறும் 1 சதவீதம். அதே 2023-24-ல் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள் செலவுக்கு முன் சுமார் 33,000 கோடியும் வெளிநாட்டு நிறுவனங்கள் சுமார் 28,000 கோடியும் லாபம் எடுத்தன. வெளிநாட்டு நிறுவனங்களின் லாபத்தில் 97 சதவீதமும் உள்நாட்டு நிறுவனங்களின் லாபத்தில் 96 சதவீதமும் அல்கோ (தானாக ஆர்டர் போடும் கம்ப்யூட்டர் நிரல்) மூலம் வந்தவை. அப்புறம் இதையும் கவனியுங்கள்: இழந்த தனிநபர்கள் இருக்கும் அந்தக் கூட்டத்தில் 2023-24-ல் 43 சதவீதம் பேர் 30 வயதுக்குக் கீழே, 72 சதவீதத்துக்கும் மேல் முதல் 30 பெரிய நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். அதாவது நம் ஊர்கள், உங்கள் வயது. அடுத்த வருஷக் கணக்கும் வந்தது, 2024-25-ல் நஷ்டம் 1,05,603 கோடியாக ஏறியது, நஷ்டப்பட்டவர்கள் 91 சதவீதம்.

இதன் நடுவே ஜேன் ஸ்ட்ரீட் விவகாரம். 2025 ஜூலை 3-ல் செபி இந்த அமெரிக்க நிறுவனத்தின் 4,843 கோடி ரூபாயை முடக்கி இடைக்கால உத்தரவு போட்டது. 2024 ஜனவரி 17, வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டியில் ஆப்ஷன் முடிவு நாள். காலையில் வங்கிப் பங்குகளையும் அதன் ஃப்யூச்சரையும் பெரிய அளவில் வாங்கிக் குறியீட்டைத் தூக்கிப் பிடித்தார்கள், அதே நேரத்தில் ஆப்ஷனில் அது விழும் என்று அதைவிடப் பல மடங்கு பெரிய பந்தயம் கட்டினார்கள், மதியம் வாங்கியதையெல்லாம் விற்று இறக்கினார்கள் என்பது செபியின் குற்றச்சாட்டு. பங்குப் பக்கம் 61.6 கோடி நஷ்டம், ஆப்ஷன் பக்கம் சுமார் 735 கோடி லாபம் என்று கணக்குக் காட்டியது. தாங்கள் செய்தது வழக்கமான ஆர்பிட்ரேஜ்தான் (இரண்டு சந்தைகளின் விலை வித்தியாசத்தில் லாபம் பார்ப்பது) என்று சொல்லி நிறுவனம் மறுக்கிறது, பணத்தைக் கட்டிவிட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறது. முடிவு என்னவாகவும் இருக்கட்டும். அந்தக் குற்றச்சாட்டில் மைக்ரோ செகண்ட் பெரிய விஷயமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? காலையிலிருந்து மதியம் வரை நடந்த சமாச்சாரம் அது. ஆழமில்லாத பங்குச் சந்தையின் மேல் அதைவிடப் பல மடங்கு பெரிய ஆப்ஷன் சந்தை உட்கார்ந்திருக்கிறது, கனமான பணம் வைத்திருப்பவர் கீழே தொட்டால் மேலே ஆடும். அந்த ஆட்டத்தில் ஆடியவர்கள் நீங்களும் உங்களைப் போன்றவர்களும் ஆப்ஷனுக்கு விலையாகக் கட்டிய ப்ரீமியத்தின் மேல்தான் நின்றார்கள். ஆப்ஷன் ஒப்பந்தம் ஒன்றின் குறைந்தபட்ச அளவைச் செபி 15 லட்சமாக்கியதும் ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு வாராந்திர முடிவு என்று குறைத்ததும் சரியான திசை, ஆனால் என்னைக் கேட்டால் வாராந்திர ஆப்ஷனே தனிநபருக்கு வேண்டாம்.

"அப்போ நானும் ஒரு அல்கோ வாங்கிவிட்டால்?" என்று உங்கள் நண்பர்கள் கேட்பார்கள், டெலிகிராமில் மாதம் 5 சதவீதம் உறுதி என்று விற்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். வேலூரில் உட்கார்ந்து புரோக்கரின் ஏபிஐ (வெளி நிரல் ஆர்டர் அனுப்பத் திறந்துவிட்ட வாசல்) வழியாக ஓடும் அல்கோவுக்கும் ரேக்கில் நிற்கும் கம்ப்யூட்டருக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. 2025 பிப்ரவரியில் செபி இதற்கும் விதி கொண்டுவந்தது, அல்கோ விற்பவர் எக்ஸ்சேஞ்சில் பதிவாகியிருக்க வேண்டும், உள்ளே என்ன கணக்கு என்று காட்டாமல் விற்பதானால் ஆராய்ச்சி ஆய்வாளராகவும் பதிவு செய்திருக்க வேண்டும். லாபம் உறுதி என்று சொல்பவரிடம் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

சந்தையை விட்டு வெளியே வர வேண்டுமா என்றால், ஆப்ஷனிலிருந்து இன்றைக்கே வாருங்கள். பங்கிலிருந்து வர வேண்டாம். சின்ன கம்பெனிப் பங்கை வாங்கும்போது லிமிட் போடுங்கள், பெரிய ஆர்டரானால் இரண்டு மூன்று நாளாகப் பிரித்து வாங்குங்கள், ஐந்து வரிசையில் எவ்வளவு பங்கு நிற்கிறது என்று ஒரு முறை கூட்டிப் பாருங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. காலை 9 மணிக்கு ப்ரீ-ஓப்பன் நேரம் ஆரம்பிக்கிறது. ஏழு எட்டு நிமிஷம் எல்லாருடைய ஆர்டரையும் சேர்த்து வைத்துக்கொண்டு, கடைசி நிமிஷத்தில் எந்த நொடியில் மூடும் என்று யாருக்கும் சொல்லாமல் மூடி, அதிகப் பங்கு கைமாறக்கூடிய ஒரே விலையில் எல்லாருக்கும் முடிக்கிறார்கள். அங்கே 9:01-க்குப் போட்ட உங்கள் லிமிட் ஆர்டரும் ரேக்கிலிருந்து 9:06-க்கு வந்த ஆர்டரும் ஒரே விலைக்குத்தான் முடியும், முந்தி ஓடி நல்ல விலையைப் பிடிக்க அங்கே வழியில்லை. 2010-லிருந்து நம்மிடமே இருக்கும் இந்த ஏல முறையைத்தான் நாள் முழுக்கச் சிறு சிறு இடைவெளியில் நடத்துங்கள் என்று பட்டிஷ் போன்றவர்கள் கேட்கிறார்கள். நானும் அதைத்தான் கேட்பேன். ஆனால் சின்ன பங்கில் அந்த நேரத்தில் ஆர்டரே குறைவாக இருக்கும், ஆகவே அங்கேயும் லிமிட் விலை கட்டாயம்.

கடைசியாக ஒரு வேலை. அந்த 1500 பங்கு வாங்கிய நாளின் கான்ட்ராக்ட் நோட் (புரோக்கர் அனுப்பும் பில்) உங்கள் மெயிலில் இருக்கும். திறந்து பார்த்தால் ஆர்டர் நேரம், டிரேட் நேரம் என்று இரண்டு பத்திகள், ஒவ்வொரு துண்டுக்கும் தனி டிரேட் எண், விலை. என் மாமாவுக்குக் கிடைக்காத காகிதம் இதுதான். நான் மேலே போட்ட உதாரணம் மாதிரி ஒரே நொடியில் படிப்படியாக விலை ஏறியிருந்தால் அது வரிசையின் மெல்லிய தன்மை. இரண்டு நேரத்துக்கும் நடுவில் பல வினாடி இடைவெளி இருந்தாலோ, நீங்கள் பட்டன் அழுத்திய நேரத்துக்கும் அதில் உள்ள ஆர்டர் நேரத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தாலோ, டிரேட் எண்ணை எக்ஸ்சேஞ்சின் இணையதளத்தில் சரிபார்த்துவிட்டு முதலில் புரோக்கருக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார் இணையதளத்தில் புகார் போடலாம், 21 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. தமிழிலோ ஆங்கிலத்திலோ எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் அந்த நோட்டின் நேரப் பத்திகளை மட்டும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.